பதினான்கு கிராம்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
வெள்ளித் தராசில் வைத்து நிறுத்திருக்கிறார்கள்.
பதினான்கு கிராம்.
குழந்தைக் கொலுசில் ஒரு கால்.

இருதலை மணியன் என்று நம்பி முன்பணம் கொடுத்த மாணிக்கவேலு
ரேஞ்சர் ஆபீஸ் பெஞ்சில் அழுதார்.
"ஒரு கிலோ தேறினா லட்சக்கணக்குல போகும்னாங்க சார்."
யாரும் சிரிக்கவில்லை,
நான்தான் சிரித்துவிட்டேன்.
அதனாலோ என்னவோ பாட்டில் என் கைக்கு வந்தது.
"ஜெசிந்தா, உங்க ஊர்க்காரி. மேல கொண்டுபோய் விட்டுடு."

ஊர்க்காரி.
ஆணா பெண்ணா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
கருப்புதான், புரண்டால் மஞ்சள்.
வால் நுனியில் அரத்தால் ராவியது போல ஒரு வட்டம்,
அதில் அப்பிய மண்.
அந்த மண்ணைத்தான்
இரண்டாவது தலை என்று விலை பேசியிருக்கிறார்கள்.

படிவம் பெயர் கேட்டது.
மண்ணுளி என்று எழுதி அடித்தேன்.
கேடயவால் என்று எழுதினேன்.
"கேடயமா? எந்தச் சண்டைக்கு?" என்றார் கிளார்க்.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் பாட்டில், மூடியில் ஆணித் துளைகள்.
கோரிமேட்டில் ஏறிய பெண்
"என்னக்கா, தேனா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

அடிவாரம் வரைக்கும் அது அசையவில்லை.
அதன் நியாயம் அதற்கு.
நடுக்கடலில் கிடந்தது அல்லவா ஒரு வாரம்.
எங்கள் மலை ஒரு தீவு. சுற்றிலும் வெயில்,
தார், சுண்ணாம்புக்கரடு, ஓமலூர் ரோட்டு லாரிகள்.
நல்ல வானத்தில் கல்வராயன் தெரியும்,
கொல்லிமலையும் தெரியும்.
பக்கத்துத் தீவுகள்தாம்.
இது ஒருநாளும் போனதில்லை. மிதக்கத் தெரியாது.

மூன்றாம் கொண்டை ஊசியில் குரங்குகள்.
ஆறில் ஒரு பையன் வாந்தி.
ஒன்பதில் காது அடைத்தது.
வேலைக்குச் சேர்ந்த வருடம்
பதினொன்றாம் வளைவில் ஸ்வெட்டர் எடுப்பேன்.
பிறகு பதின்மூன்றில்.
இன்று பதினேழு தாண்டியும் அது பையிலேயே கிடந்தது.
கடல் ஏறுகிறது என்று டிவியில் சொல்கிறார்கள்.
எங்களுடையதும் ஏறுகிறது.
இருபதுக்கு மேல் வளைவு கிடையாது.

பதினெட்டில் பாட்டிலுக்குள் ஒரு சுருள் அவிழ்ந்தது.
விரலால் கண்ணாடியைத் தொட்டேன்.
அது என்னைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன்.
அதன் கண் கடுகில் பாதி.

தோண்டி எடுத்தவன் சடையன்.
திட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.
"எந்த இடம்டா?"
காட்டினான்.
காப்பிச் செடிகளைப் பிடுங்கிய சரிவில் நீளமாக ஒரு பள்ளம்,
அடியில் நீல ஓடு பதிக்கிறார்கள்.
ரிசார்ட்டுக்கு நீச்சல் குளமாம்.
ஆக, தீவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னும் இருந்துச்சா?"
"மண்ணோட மண்ணா லாரியில போயிருக்கும்க்கா."

கரடியூர் வழியாக நடந்தேன்.
இங்கே கரடியை நான் பார்த்ததில்லை.
பலகையில் இருக்கிறது, ஐந்து எழுத்தில் மூன்று.
இதற்கு அதுவும் வாய்க்காது.
பாம்பு என்று அடித்தோம், புழு என்று மிதித்தோம்,
கூப்பிட ஒரு பெயர் வைக்கவில்லை.
எதைப் பலகையில் எழுத?

ஒரு பழைய பலாவின் அடியில்
இலை மக்கிக் கறுத்த மண்.
பாட்டிலைச் சாய்த்தேன்.
முகர்ந்ததோ, யோசித்ததோ,
ஊசி துணியில் இறங்குவது போலத் தலை போயிற்று,
உடம்பு போயிற்று.
கடைசியில் அந்தச் சொரசொர வட்டம்
துளையின் வாயில் பொருந்தி நின்றது,
உள்ளிருந்து சாத்திய கதவு.

படிவத்தின் கடைசிக் கட்டம், விடுவித்த இடம்.
ஏற்காடு என்று மட்டும் போட்டேன்.
ஒண்டிக்கடையில் பாட்டிலைக் கழுவி
அரைக் கிலோ தேன் வாங்கினேன்.
துளை மூடியோடு தர மாட்டேன் என்று
கடைக்காரர் வேறு மூடி போட்டுத் தந்தார்.